டைரி, தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு: பிள்ளைகளோடு வாசக வட்டம் தொடங்கப் போகிறவர்களுக்கு

நான் செய்த முதல் தப்பு பன்னிரண்டு பிரதி வாங்கியது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', 122 அத்தியாயம், தலைக்கு வைத்துப் படுக்கிற கனம். பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒன்று என்று கோயம்புத்தூர் போய் வாங்கி, இரண்டு பைகளில் போட்டு, வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன். சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. முதல் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், மூன்றாவதுக்கு ஏழு, ஐந்தாவதுக்கு இரண்டு பேர், அதிலும் ஒருத்தன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன்.

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் இருக்கிற யாராவது இப்படி ஒரு வட்டம் தொடங்க நினைத்தால், நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், புத்தகக் கடை அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் என்று இருக்கிற எல்லா எல்லை ஊருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

1. இடம் பிடிப்பது: மே மாதமே போய்க் கேளுங்கள்

மூன்று வழி உண்டு. பள்ளிக்கூடம், ஊர் வாயனசாலை (வாசகசாலை), யாராவது வீட்டுத் திண்ணை. திண்ணை வேண்டாம். இரண்டாவது மாதத்தில் அந்த வீட்டில் ஒரு விசேஷம் வரும், அதோடு வட்டம் முடிந்தது. பள்ளிக்கூடம் நல்ல இடம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாவி யாரிடம் என்பதே பெரிய கேள்வியாகிவிடும். நான் சொல்வது வாயனசாலை. மாநில நூலக கவுன்சிலில் இணைந்த வாயனசாலைகள் கேரளத்தில் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கின்றன, மேசை நாற்காலி இருக்கும், மின்விசிறியும் ஓடும்.

எப்போது போவது என்பது முக்கியம். பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19 வாசிப்பு தினம், அதை ஒட்டி வாசிப்பு வாரம். அந்த வாரத்துக்கு ஒவ்வொரு வாயனசாலையும் ஏதாவது நிகழ்ச்சி நடத்தியாக வேண்டும், செக்ரட்டரி ஆள் தேடிக்கொண்டிருப்பார். மே கடைசியில் நீங்கள் போய் நின்றால் கடவுள் அனுப்பிய ஆள் மாதிரி வரவேற்பார்கள். ஜூலையில் போனால் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி ஓணத்துக்கு அப்புறம்தான் கூடும். நான் போனது ஜூலையில்.

எங்களிடம் கேட்ட காகிதங்கள் இவ்வளவுதான்: செக்ரட்டரிக்கு ஒரு கடிதம், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் வகுப்போடு, பொறுப்பேற்கும் பெரியவர்கள் இரண்டு பேரின் பெயர் (ஒருவர் ஆசிரியராக இருந்தால் வேலை சுலபம்), உறுப்பினர் படிவம், அடையாள அட்டை நகல், போட்டோ. அவர்கள் கேட்காத, ஆனால் நீங்களாகவே வைத்திருக்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்து. எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியும், வீட்டுக்கு யாரோடு போகும் என்று மூன்று வரி எழுதி வாங்குங்கள். பெண்பிள்ளைகள் நின்று போவதற்கு முக்கால்வாசி காரணம் புத்தகம் இல்லை, கடைசி பஸ்.

கடிதம் எந்த மொழியில்? 1969-ஆம் வருஷத்து கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அதிகம் உள்ள பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில், அரசு அலுவலகங்களுக்கு அவரவர் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். ஆக, பஞ்சாயத்து, அரசுப் பள்ளி போன்ற இடங்களுக்குக் கூசாமல் தமிழில் எழுதுங்கள். ஆனால் பின்னால் மலையாளத்தில் ஒரு பக்கம் இணைத்துவிடுங்கள். உரிமை வேறு, ஃபைல் நகர்வது வேறு. என் தமிழ்க் கடிதம் ஒன்று, படிக்கத் தெரிந்த கிளார்க் லீவில் இருந்து திரும்புகிற வரை மூன்று வாரம் மேசை மேலேயே இருந்தது.

2. ஆள் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள்

எட்டுப் பேர் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். ப்ளஸ் ஒன், கல்லூரி முதல் வருஷம் சரியான வயது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்தால் டிசம்பரோடு டியூஷனுக்குப் போய்விடுவார்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். நம் பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், வாட்ஸ்அப்பில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள். ஆனால் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து ஓடாது, மலையாள மீடியத்தில் படித்தவர்கள். அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அதைச் சொல்லவும் மாட்டார்கள், 'படிச்சேன் மாஷே' என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். (மாஷ் என்றால் வாத்தியார். நான் மாஷ் இல்லை, கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. புத்தகம் கையில் வைத்திருந்தால் இங்கே எல்லாரும் மாஷ்தான்.)

அதனால் முதல் நாளே ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். திணறுகிறவர்களை அனுப்பிவிடாதீர்கள். இரண்டு மொழியிலும் கிடைக்கிற புத்தகமாகத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. 'சத்திய சோதனை'க்கு மலையாளப் பதிப்பு உண்டு, ஆன் ஃபிராங்க் டைரிக்கு உண்டு, அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' இரண்டு மொழியிலும் ஏறக்குறைய அதே பெயர்தான். ஒரே பத்தியை ஒருத்தி தமிழில் வாசிக்க, இன்னொருத்தன் மலையாளத்தில் வாசிக்க, எங்கே ஒரு சொல் மாறியது என்று மற்றவர்கள் பிடிப்பது எங்கள் கூட்டத்தில் நல்ல விளையாட்டு. திட்டம் போட்டு வந்ததில்லை, பிரதி போதாமல் வந்தது.

3. புத்தக வரிசை: டைரியில் தொடங்குங்கள்

எல்லாரும் வாழ்க்கை வரலாற்றில் தொடங்குவார்கள், கதை மாதிரி இருக்கும் என்று. நான் தலைகீழாகச் சொல்கிறேன். முதலில் டைரி, அப்புறம் தன்வரலாறு, கடைசியில் வாழ்க்கை வரலாறு. டைரியில் ஒரு நாள் என்பது ஒரு பக்கம், இரண்டு பக்கம். கூட்டத்திலேயே வாசித்து முடித்துவிடலாம், 'வீட்டில் படித்துவிட்டு வா' என்ற பேச்சே இல்லை. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டைரி எழுதுகிறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. தன்வரலாறு எழுதுகிறவருக்குக் கதையின் முடிவு தெரியும், தெரிந்துகொண்டேதான் தொடக்கத்தை எழுதுகிறார். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் பல சமயம் அந்த இடத்தில் இருந்ததே இல்லை. இந்த மூன்று வித்தியாசமும் பிள்ளைகள் மனதில் ஏற வேண்டுமானால் இந்த வரிசையில் போனால்தான் ஏறும்.

டைரிக்கு ஆன் ஃபிராங்க். 1942 ஜூன் 12 பதின்மூன்றாவது பிறந்த நாள், 1944 ஆகஸ்ட் 1 கடைசிப் பதிவு, ஆகஸ்ட் 4 கைது. நம் பிள்ளைகளை விட இரண்டு வயது சின்னவள், அம்மாவோடு சண்டை போடுகிறாள், ஒரு பையனைப் பற்றி எழுதுகிறாள். எந்த விளக்கமும் கொடுக்காமல் ஏதாவது நான்கு பதிவு வாசியுங்கள், போதும்.

தமிழ் டைரி என்றால் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736-லிருந்து 1761 வரை எழுதியிருக்கிறார். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் முழுத் தொகுதியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பேச்சுத் தமிழ், அதோடு பாரசீகம், பிரெஞ்சு, போர்த்துகீசியச் சொற்கள், தமிழ் வருஷப் பெயர்கள். இரண்டு பக்கம் ஜெராக்ஸ் போதும், ஓரத்தில் சொற்பொருள் நீங்களே எழுதிக் கொடுங்கள். முதல் பத்து நிமிஷம் முழிப்பார்கள், அப்புறம் யாராவது ஒருத்தன் 'இது எங்க தாத்தா பேசுற மாதிரி இருக்கு' என்பான்.

தன்வரலாற்றுக்கு 'என் சரித்திரம்' வேண்டும்தான், ஆனால் ஐந்து அத்தியாயம் மட்டும். 'சத்திய சோதனை' அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, ஏனென்றால் 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் குஜராத்தியில் தொடராக வந்தது. ஒரு எச்சரிக்கை: புத்தகம் 1920-ஓடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பாலக்காட்டுப் பக்கத்தில் காந்தி வந்து தங்கிய அகத்தேத்தறை சபரி ஆசிரமத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்விட்டு வந்தேன், அவர்கள் ஒரு வாரம் புத்தகம் முழுக்கப் பாலக்காட்டைத் தேடினார்கள். ஆசிரமம் தொடங்கியதே 1923-ல். நான் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். தேடிய தேட்டத்தில் புத்தகத்தில் பாதியைப் படித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வ.உ.சி.யின் 'சுயசரிதை'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செய்யுள் என்று பயப்பட வேண்டாம், சத்தமாக வாசித்தால் புரிந்துவிடும். கோயம்புத்தூர் ஜெயிலில் இருந்தவரைப் பிறகு கண்ணூர் ஜெயிலுக்கு மாற்றினார்கள், 1912-ல் விடுதலை. பிள்ளைகளுக்கு இரண்டு ஊரும் தெரிந்த ஊர், ஒன்றில் துணி எடுப்பார்கள், இன்னொன்றுக்கு ரயில் போகும்.

வாங்கக் கூடாதது: பள்ளிப் பரிசுக்கென்று அச்சடித்த, நூறு பக்கத்துக்குள் பத்துத் தலைவர்கள் அடங்கிய தொகுப்புகள். அதில் யாரும் எதிலும் தோற்பதில்லை. இரண்டு கூட்டத்துக்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

4. வாங்குவது: எட்டுப் பேருக்கு மூன்று பிரதி

முதலில் காசில்லாத வழி. எழுதியவர் இறந்த மறு வருஷத்திலிருந்து 60 வருஷம் வரைதான் இந்தியாவில் காப்புரிமை. உ.வே.சா. 1942-ல் காலமானார், திரு.வி.க. 1953-ல். ஆக 'என் சரித்திரம்', திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' எல்லாம் யாரும் பிரதி எடுக்கலாம். மதுரைத் திட்டம் என்ற இணையதளத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இப்படிப்பட்ட பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கும். வேண்டிய அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு டீ, வடைச் செலவுதான்.

மொழிபெயர்ப்பில் கவனம். மூலம் எழுதியவர் எப்போதோ இறந்திருக்கலாம், மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. ஆன் ஃபிராங்கின் தமிழ்ப் பிரதியைக் காசு கொடுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பி.டி.எஃப். எடுத்து எட்டுப் பிரதி ஜெராக்ஸ் போடாதீர்கள். அதில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வாங்குவது. பாலக்காட்டில் தமிழ்ப் புத்தகம் தேடி வெயிலில் அலையாதீர்கள். பொள்ளாச்சி, இல்லாவிட்டால் கோயம்புத்தூர் ராஜ வீதி. ஜூலையில் கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா நடக்கும், பத்து சதவீதம் கழிவு கிடைக்கும். ஆனால் நம் பள்ளிகள் ஜூனில் திறந்துவிடுகின்றன, அதற்காகக் காத்திருந்தால் ஒரு மாதம் போய்விடும். நான் இப்போது முதல் மாதத்தைப் பெரும்பாலும் இலவச நூல்களில் ஓட்டிவிட்டு ஜூலையில் வாங்குகிறேன்.

தபாலில் வரவழைத்தால் 'ஞான் போஸ்ட்' என்று கேளுங்கள். புத்தகங்களுக்கென்று அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. தரை வழியாகத்தான் வரும், அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வேண்டும் என்று புதன்கிழமை சொல்லிப் பயனில்லை. அனுப்புகிற கடைக்காரருக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் கூரியர் காசு கேட்பதுண்டு, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாங்கும்போது தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'சுருக்கம்', 'சிறுவர் பதிப்பு', 'தழுவல்' என்று பொடி எழுத்தில் இருக்கும், அட்டையில் இருக்காது. எங்களிடம் ஒரே தலைப்பில் இரண்டு ஆன் ஃபிராங்க் இருந்தது. ஒன்றில் இருக்கிற பதிவு இன்னொன்றில் இல்லை, அரைமணி நேரம் ஆளுக்கு ஒரு பக்கத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து பக்க எண் சொல்வதில்லை. டைரிக்குத் தேதி, மற்றதுக்கு அத்தியாயப் பெயர்.

எட்டுப் பேருக்கு மூன்று பிரதி போதும், இரவல் நோட்டு ஒன்று போட்டு. நோட்டில் போன் நம்பரோடு வீட்டுப் பெரியவர் பெயரும் எழுதுங்கள். ஒரு பிள்ளை பாதியில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், புத்தகமும் கூடவே போயிற்று. அவனிடம் கேட்க மனம் வரவில்லை, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

5. இரண்டு தேதித் தாள்

இதுதான் வட்டத்தின் உயிர். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் போடுங்கள். நடந்தது எப்போது. எழுதியது எப்போது. யார் படிக்க எழுதினார். நேரில் பார்த்ததா, கேட்டதா. எந்தப் பத்தியை வாசித்தாலும் பேச்சு ஆரம்பிப்பதற்கு முன் இந்த நான்கையும் நிரப்ப வேண்டும். 'உங்களுக்குப் பிடித்த இடம் எது', 'இதில் நாம் கற்றுக்கொள்வது என்ன' என்று கேட்டால் எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வெளியே பார்ப்பார்கள். தேதியைக் கேட்டால் சண்டை வரும், நல்ல சண்டை.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். உ.வே.சா. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை முதல் முறை பார்க்கப் போன இடம். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய பட்டியல் போடுகிறார், அவர் அசையவே இல்லை, இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887-ல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. தேதி கொடுத்திருக்கிறார்: 21-10-1880, வியாழக்கிழமை. எழுதியது ஆனந்த விகடன் தொடரில், 1940-ல் தொடங்கி 1942-ல் அவர் இறக்கும் வரை வந்த தொடர் அது. தாளில் முதல் கட்டம் 1880, இரண்டாவது 1940-க்குப் பிறகு. நடுவில் அறுபது வருஷம்.

ஒரு பிள்ளை உடனே போனை எடுத்து 1880 அக்டோபர் 21 என்ன கிழமை என்று தட்டினான். வியாழன்தான். எல்லாரும் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனார்கள். அப்புறம் ஒருத்தி, 'கிழமை நெனவு வெச்சு எழுதல மாஷே, எங்கயோ குறிச்சு வெச்சிருக்காரு' என்றாள். இன்னொருத்தன், கிழமை சரியாக இருக்கலாம், பேசிய பேச்சு அப்படியே இருக்குமா, நேற்று எங்கள் வீட்டில் பேசியதையே என்னால் வார்த்தைக்கு வார்த்தை சொல்ல முடியாதே என்றான். ஒன்றரை மணி நேரம் போயிற்று. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டைரியென்றால் இரண்டு தேதியும் ஒன்றுதானே, தாள் எதற்கு என்று கேட்பார்கள். அப்போது ஆன் ஃபிராங்க் பற்றி இதைச் சொல்லுங்கள்: 1944 மார்ச்சில் ரேடியோவில், போர்க்காலத்து டைரிகளையும் கடிதங்களையும் பத்திரமாக வையுங்கள் என்று டச்சு அமைச்சர் ஒருவர் பேசியதைக் கேட்டுவிட்டு, அவள் தன் பழைய பதிவுகளைத் தானே திருத்தி எழுதத் தொடங்கினாள். பிறகு அப்பா ஓட்டோ இரண்டையும் சேர்த்து, சிலதை நீக்கித் தொகுத்ததுதான் 1947-ல் புத்தகமாக வந்தது. ஆக 1942 என்று தேதி போட்ட ஒரு பதிவு 1944-ல் எழுதியதாக இருக்கலாம். மூன்றாவது கட்டமும் மாறுகிறது, முதலில் தனக்காக, அப்புறம் ஊர் உலகத்துக்காக. இதைச் சொன்னதும் 'அப்ப பொய்யா' என்று ஒருத்தன் கேட்பான். அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள், மற்றவர்கள் சொல்வார்கள்.

வாழ்க்கை வரலாற்றுக்கு நான் கண்டுபிடித்த நல்ல பயிற்சி இது. உ.வே.சா. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகமாக 1933, 34-ல் எழுதினார். அதே ஆசிரியர் 'என் சரித்திர'த்திலும் வருகிறார். ஒரே ஆளை, ஒரே மாணவர், ஒரு முறை ஆசிரியரின் கதையாகவும் ஒரு முறை தன் கதையாகவும் எழுதியிருக்கிறார். இரண்டிலிருந்தும் ஒரே நிகழ்ச்சியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எதில் மாணவர் பின்னால் நிற்கிறார், எதில் முன்னால் வருகிறார் என்று கோடு போடச் சொல்லுங்கள். அதேபோல 'அக்னிச் சிறகுகள்' வாசிக்கும்போது, கலாமோடு அருண் திவாரி சேர்ந்து எழுதியது, 1999-ல் வந்தது என்று தாளில் எழுதினாலே, ஜனாதிபதி ஆனதைப் பற்றி ஏன் ஒன்றுமே இல்லை என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

6. கூட்டம்

இதில் சொல்ல அதிகமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு மூன்று மணி, ஒன்றரை மணி நேரம். முதல் அரைமணி சத்தமாக வாசிப்பு, பத்து நிமிஷம் தாள் நிரப்புவது, மீதி பேச்சு. நடத்துகிறவர் கடைசியில்தான் பேச வேண்டும். சிறப்பு விருந்தினர் வேண்டாம், ஒருவரைக் கூப்பிட்டேன், ஒன்றரை மணி நேரமும் அவர் வாழ்க்கை வரலாறுதான். டீயும் பருப்பு வடையும் கட்டாயம். எங்கள் வருஷச் செலவில் புத்தகத்துக்கு அடுத்த பெரிய தொகை அதுதான், குறைக்கப் பார்த்தேன், வருகை குறைந்தது.

7. வீட்டு டைரியைக் கொண்டு வரச் சொல்வதற்கு முன்னால்

சில மாதம் போனதும் பிள்ளைகளே கேட்பார்கள், எங்கள் வீட்டில் பழைய நோட்டு இருக்கிறது, கொண்டு வரட்டுமா என்று. ஆசையாக இருக்கும். பொறுங்கள்.

ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன் அவன் தாத்தாவின் 1994 டைரியைக் கொண்டு வந்தான். பொள்ளாச்சிக் கடையில் தீபாவளிக்குக் கொடுக்கிற சின்ன டைரி, அட்டையில் லட்சுமி படம். உள்ளே முக்காலும் பால் கணக்கு. 'கா 6, மா 4' என்று லிட்டர் கணக்கு, பென்சிலில். இடையில் பதினோரு நாள் 'ஊத்தல', 'ஊத்தல' என்று மட்டும். அப்புறம் ஆவணியில் ஒரு நாள், 'வெள்ளச்சி வித்தாச்சு. தவிட்டுக்கடை பாக்கி தீந்தது.' பையன் திகைத்துப் போனான். அத்தை கல்யாணத்துக்குத்தான் வெள்ளச்சிப் பசுவை விற்றதாகத் தாத்தா சொல்லிச் சொல்லி அவன் கேட்டு வளர்ந்தவன். டைரிப்படி கல்யாணம் தை மாதமே முடிந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு தேதித் தாளை எடுத்துக்கொண்டு துள்ளினார்கள், எனக்கும் சந்தோஷம், அந்த வருஷத்தின் சிறந்த கூட்டம் அதுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் தாத்தா வாயனசாலை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. 'ஏன் மாஷே, என் கடன ஊருக்கு வாசிச்சுக் காட்டத்தான் புஸ்தகம் படிக்கிறீங்களா?' என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பையன் கேட்காமல் எடுத்து வந்திருந்தான், நானும் கேட்காமல் வாசிக்க விட்டிருந்தேன்.

அதற்கு அப்புறம் ஒரு சீட்டு வைத்தோம். யாருடைய நோட்டு, எந்தப் பக்கம் வாசிக்கலாம், சத்தமாக வாசிக்கலாமா, போட்டோ எடுக்கலாமா, என்றைக்குத் திரும்ப வர வேண்டும். எழுதியவரின் கையெழுத்து, அவர் இல்லையென்றால் வீட்டில் மூத்தவர் கையெழுத்து. பிள்ளைகளின் சொந்த டைரி எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், அவர்களே ஆசைப்பட்டாலும். அந்தத் தாத்தா அடுத்த வருஷம் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஆறு டைரி கொடுத்தார். 1994 அதில் இல்லை.

பழைய நோட்டுகளில் மலையாள ஆண்டு இருந்தால் குழம்ப வேண்டாம். கொல்லம் ஆண்டு சிங்ஙம் ஒன்றில், அதாவது நம் ஆவணியில், பிறக்கும். ஆங்கில வருஷம் தெரிய, ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. 1200 சிங்ஙம் என்றால் 2024 ஆகஸ்ட். பிள்ளைகள் தமிழ் வருஷம் போலச் சித்திரையில் மாறும் என்று நினைத்துக் கணக்கிடுவார்கள், அங்கேதான் ஒரு வருஷம் பிசகும்.

8. எந்த மாதத்தில் என்ன

ஜூன், ஜூலை ஆன் ஃபிராங்க்குக்கும் ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் (ஆன் ஃபிராங்க்குக்கு மட்டும் முதலிலேயே இரண்டு பிரதி வாங்கிவிடுங்கள், அது இலவசத்தில் வராது). ஆகஸ்டில் ஓணப் பரீட்சை, பிறகு விடுமுறை, ஒரு கூட்டம் நடந்தால் லாபம். செப்டம்பருக்கு மேல் கலோல்சவம், அதாவது பள்ளிக் கலைவிழா, ஆரம்பித்துவிடும், நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் எல்லாம் ஒப்பன ஆட்டமும் நாடகமும் பயிற்சி எடுக்கப் போய்விடுவார்கள், மீதி இருப்பவர்களோடு தன்வரலாறு வாசியுங்கள். கூச்சப்படுகிறவர்கள் வாய் திறப்பது அந்த மாதங்களில்தான். டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை. ஜனவரியில் வாழ்க்கை வரலாறு, பிப்ரவரி நடுவோடு நிறுத்திவிடுங்கள். மார்ச் பொதுத் தேர்வு, அதற்கு முன்னால் சிற்றூர் டவுனில் கொங்கன் படைத் திருவிழா, அந்த வாரம் கூட்டம் வைத்தால் நீங்களும் வடையும்தான்.

பிப்ரவரி கடைசிக் கூட்டத்தில் புத்தகம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, நோட்டில் கோடு போட்டு, வீட்டு டைரிகளைச் சீட்டைப் பார்த்து அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். மூன்று பிரதியில் ஒன்றை வாயனசாலைக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் செக்ரட்டரி அடுத்த வருஷம் அலமாரிச் சாவியைத் தருவார். எங்களுக்கு இரண்டாவது வருஷமே தந்தார், ஆனால் பூட்டுக்கு எண்ணெய் போடாமல் திறக்காது, அதையும் கூட எடுத்துப் போங்கள்.